தாமான் நெகாராவுக்குக் காரில் போவது: முதலில் மாதம், பிறகு வாசல், கடைசியில்தான் சாலை

வணக்கம். உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் எடுத்து எழுதிவிடுகிறேன். இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் அது பயன்படும். கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கும் ஆறு பேர் கொண்ட குடும்பம். எட்டு, பன்னிரண்டு வயதில் இரண்டு பிள்ளைகள். எழுபதை நெருங்கும் அப்பா, முழங்கால் வலியுள்ள அம்மா. ஏழு பேர் உட்காரக்கூடிய சொந்தக் கார். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நான்கு நாள் ஒதுக்கி, தாமான் நெகாரா தேசியப் பூங்காவைக் காரிலேயே சுற்றிப் பார்த்து, யானையும் புலியும் கண்டு, முடிந்தால் குனோங் தஹான் மலையில் ஓரளவாவது ஏறிவிட்டு வரவேண்டும் என்பது உங்கள் திட்டம். மெராப்போ வழியாகப் போவதா, ஜெராண்டுட் வழியாகப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜெராண்டுட் வழியாக, பூங்காவின் வாசல்களில் ஒன்றான கோல தஹானுக்குப் போங்கள். ஆனால் டிசம்பரில் போகாதீர்கள். காரில் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தையும், இம்முறை குனோங் தஹானில் ஏறும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். இவற்றுக்கான காரணங்களைச் சொல்லிவிட்டால் மற்ற விவரங்களை நீங்களே உங்கள் வசதிக்கேற்ப அமைத்துக்கொள்ள முடியும்.

தாமான் நெகாரா பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி பகாங்கில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான சிகரமான குனோங் தஹான், 2,187 மீட்டர் உயரத்தில், இந்தக் காட்டின் மேற்குப் பகுதியில் நிற்கிறது. இவ்வளவு பெரிய காட்டுக்கு நான்கு வாசல்கள் உள்ளன: பகாங்கில் தெம்பெலிங் ஆற்றங்கரையிலுள்ள கோல தஹான், மெராப்போவுக்கு அருகிலுள்ள சுங்கை ரெலாவ், கிளந்தானில் குவா மூசாங் வட்டாரத்திலுள்ள கோல கோ, திரங்கானுவில் கென்யிர் ஏரியின் வழியாகப் படகில் சேரவேண்டிய தஞ்சோங் மெந்தோங். இந்த நான்கையும் காட்டுக்குள்ளாக இணைக்கும் சாலை எதுவும் இல்லை. ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குக் காரில் போகவேண்டுமானால், காட்டை விட்டு வெளியே வந்து, பல மணி நேரம் வேறு ஊர்களைச் சுற்றிக்கொண்டுதான் போகமுடியும். ஆகவே "இரண்டு நாள் இந்தப் பக்கம், இரண்டு நாள் அந்தப் பக்கம்" என்ற திட்டம் வரைபடத்தில் அழகாகத் தெரிந்தாலும், நான்கு நாளில் ஒன்றைச் சாலைக்கே கொடுத்துவிடுவதில் முடியும்.

சாலை இல்லாததைக் குறையாக நான் கருதவில்லை. இந்தக் காடு இன்றும் காடாக இருப்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம். 1925இல் குனோங் தஹான் வனவிலங்குக் காப்பகமாக இது தொடங்கியது. தியோடர் ஹப்பேக் என்ற வனவிலங்குப் பாதுகாவலர் ஆண்டுக்கணக்கில் விடாமல் வலியுறுத்தியதன் பயனாக, 1938-39ஆம் ஆண்டுகளில் மூன்று மாநிலங்களின் சுல்தான்களும் தத்தம் நிலத்தை ஒதுக்கித் தந்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகே இன்றைய பெயர் வந்தது. 1970களில் தெம்பெலிங் ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டு, இயற்கை ஆர்வலர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டது. அந்த அணை எழும்பியிருந்தால், நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைக்கும் தாழ்நிலக் காட்டின் ஒரு பகுதி இன்று தண்ணீருக்கடியில் கிடந்திருக்கும். ஆற்றையே வழியாகக் கொண்டு இயங்கும் இடம் இது. பயணத்திட்டமும் ஆற்றை வைத்தே அமையவேண்டும். காரின் வேலை கோல தஹான் படகுத்துறையோடு முடிந்துவிடுகிறது.

மாதத்தைப் பற்றித்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோலாலம்பூரில் இருக்கும் நமக்கு, மாலை நான்கு மணிக்கு இடி இடித்து மழை கொட்டி, ஆறு மணிக்கு வெளுத்துவிடுவதுதான் மழை. தித்திவங்சா மலைத்தொடருக்குக் கிழக்கே நிலைமை வேறு. நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரையும், சில ஆண்டுகளில் மார்ச் வரையும், தென்சீனக் கடலிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழை நாள்கணக்கில் ஓயாமல் பெய்யும். அந்த நீரில் ஒரு பங்கு தஹான், தெம்பெலிங் ஆறுகளில் இறங்கி, பகாங் ஆற்றுக்குப் போய்ச் சேருகிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பர் பெருவெள்ளத்தில் கோல தஹானில் சிக்கிக்கொண்ட சுற்றுலாப் பயணிகளைப் படகுகளிலும் ஹெலிகாப்டர்களிலும் மீட்கவேண்டியிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் அப்படி நடப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் சாதாரணமான டிசம்பரில்கூட ஆறு கலங்கிப் பெருகி, படகுப் பயணங்கள் நிறுத்தப்படுவதும், நடைபாதைகள் மூடப்படுவதும், ஜெராண்டுட் வட்டாரச் சாலைகளில் தண்ணீர் ஏறுவதும் வழக்கமாக நடப்பவை. மலையேற்றப் பாதைகளையும் அந்தப் பருவத்தில் மூடிவிடுகிறார்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவையும் எட்டு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அப்படி ஒரு வாரத்தில் போய் மாட்டிக்கொள்ளவேண்டாம்.

நம் குடும்பங்களுக்கு நீண்ட விடுமுறை தீபாவளியை ஒட்டியும் ஆண்டு முடிவிலும்தான் கிடைக்கிறது. இரண்டுமே இந்தப் பயணத்துக்குத் தோதில்லாத காலங்கள் என்பது வருத்தமான பொருத்தம். ஆகவே ஆண்டின் நடுவில் வரும் பள்ளி விடுமுறையை இதற்கென எடுத்துவையுங்கள். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பொதுவாக நல்ல காலம். அப்போதும் மழை வரும். மழைக்காட்டுக்குப் போகிறவர்கள் மழையே வேண்டாம் என்று எதிர்பார்க்க முடியாது. மழையே பெய்யாத வாரங்களில் வேறொரு சிக்கல் உண்டு: தஹான் ஆற்றில் தண்ணீர் மிகவும் வற்றிவிட்டால், மேல்நோக்கிப் போகும் படகுகள் கல்லில் தட்டும், சில இடங்களில் இறங்கி நடக்கச் சொல்வார்கள். முன்பதிவு செய்யும்போதே ஆற்றின் அளவு எப்படி இருக்கிறது என்று தங்கும் விடுதியினரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இனி வாசல். மெராப்போ வழியைச் சிலர் உங்களுக்குப் பரிந்துரைத்ததற்குக் காரணம் புரிகிறது. குனோங் தஹானுக்கு ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் சுங்கை ரெலாவ் வழியாகத்தான் போகிறார்கள். அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் குகைகளும் பார்க்கத் தகுந்தவை. ஆனால் அந்த ஏற்றம் போக வர ஏறத்தாழ நான்கு நாள் பிடிக்கும். கோல தஹானில் தொடங்கிச் சிகரம் ஏறி மெராப்போவில் இறங்குவதானால் ஏழு நாள் வேண்டும். அனுமதிச்சீட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். கூடாரம், அரிசி, அடுப்பு என எல்லாவற்றையும் முதுகில் சுமந்து, மீண்டும் மீண்டும் ஆற்றைக் கடந்து, செங்குத்தான மேடுகளை ஏறவேண்டிய பயணம் அது. "ஓரளவு ஏறிவிட்டுத் திரும்புவது" என்பதற்கு அங்கே இடமில்லை. முதல் நாள் நடையில் சிகரம் கண்ணிலும் படாது. உங்கள் மூத்த பிள்ளைக்கு மலையில் உண்மையான ஆர்வம் இருந்தால், சில ஆண்டுகள் போகட்டும். உடலைப் பழக்கிக்கொண்டு, அதற்கென்றே தனியாக ஒரு பயணம் போகலாம். இப்போது பெரியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து போகும்போது, பலகைப் பாதையும் படகும் தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கடைகளும் உள்ள கோல தஹானே பொருத்தமானது.

பினாங்கிலிருந்து வருகிறவர்களுக்கு இதே விடை பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குச் சிம்பாங் பூலாயில் ஏறி, கேமரன் மலையின் வடபகுதி வழியாகக் குவா மூசாங் இறங்கி, மெராப்போ போவது சுருக்கம். ஆனால் மழைக்காலத்தில் மண் சரியக்கூடிய மலைச்சாலை அது. காடு பார்ப்பதுதான் நோக்கம் என்றால், கெரிக்கைத் தாண்டிக் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையிலுள்ள ரோயல் பெலும் காடு அவர்களுக்கு இன்னும் பக்கம். 2007இல் பேராக் அரசு மாநிலப் பூங்காவாக அறிவித்த அந்தக் காட்டுக்குள்ளும் படகில்தான் போகமுடியும். நுழைவதற்கு முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். வட்டாரம் வேறாக இருந்தாலும் பருவமழை பற்றிய எச்சரிக்கை அவர்களுக்கும் உரியது.

சாலைக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து கோல தஹான் வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இடையில் நிற்கும் நேரத்தைச் சேர்க்காமல் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோம்பாக் சுங்கச்சாவடியைக் கடந்து காராக் நெடுஞ்சாலையில் ஏறி, கெந்திங் செம்பா சுரங்கவழி, பெந்தோங், காராக், லஞ்சாங் தாண்டி, தெமர்லோவில் வெளியேறி, வடக்கே ஜெராண்டுட் போய், அங்கிருந்து கோல தஹானுக்குத் திரும்பவேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் கெந்திங் மலைக்குப் போகிற கார்கள் கோம்பாக்கிலிருந்தே அடைத்துக்கொண்டு நிற்கும். ஆறரை மணிக்கு முன்பே சாவடியைத் தாண்டிவிடுங்கள். முடிந்தால் வார நாளில் புறப்படுங்கள். ஆறு பேரும் அவர்களுடைய மூட்டைகளும் ஏறிய கார், கெந்திங் செம்பாவைத் தாண்டிய இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக்கூடாது. கியரைக் குறைத்து இறக்குங்கள். அந்தப் பகுதியில் காலையில் மூடுபனியும் மாலையில் கனமழையும் சாதாரணம். லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாகப் போவதில் இழப்பது பத்து நிமிடம்தான். புறப்படும் முன் நான்கு சக்கரங்களோடு மாற்றுச் சக்கரத்தின் காற்றையும், மழை துடைப்பானையும், பிரேக்கையும் பார்த்துவிடுங்கள்.

தெமர்லோவிலிருந்து ஜெராண்டுட் வரை சாலை எளிதானது. ஜெராண்டுட் தாண்டியதும் எஞ்சிய 70 கிலோமீட்டர்தான் கவனம் வேண்டிய பகுதி. இரு பக்கமும் செம்பனையும் பால்மரமும். இடையிடையே நிலக்குடியேற்றக் கிராமங்கள். ஒரு வழிக்கு ஒரே தடம். பல இடங்களில் மேடுபள்ளம். குலை ஏற்றிய லாரி எதிரே வரும். வளைவைத் தாண்டியதும் மாடுகள் சாலையில் படுத்திருக்கும். இரவில் தெருவிளக்கு கிடையாது. விலங்குகள் சாலையைக் கடப்பதும் உண்டு. பகல் வெளிச்சத்திலேயே இந்தப் பகுதியைக் கடந்துவிடவேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதாவது மதியம் இரண்டு மணிக்குள் ஜெராண்டுட்டை விட்டுக் கிளம்பியிருக்கவேண்டும். பெட்ரோலை அங்கேயே முழுதாக நிரப்புங்கள். ரொக்கப் பணத்தையும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். படகுக்காரரும் வழிகாட்டியும் சிறு கடைக்காரரும் ரொக்கத்தைத்தான் விரும்புவார்கள். அப்பா, அம்மா வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். அவசரமானால் அரசு மருத்துவமனை ஜெராண்டுட்டில்தான் இருக்கிறது.

வழிகாட்டும் செயலியில் வெறுமனே "தாமான் நெகாரா" என்று போடாதீர்கள். வாசல்கள் பல; தெலுக் பாஹாங்கில் இருக்கும் பினாங்கின் சிறிய தேசியப் பூங்காவுக்கும் அதே பெயர்தான். "கோல தஹான்" என்று ஊர்ப்பெயரைக் கொடுங்கள்.

முன்பு எல்லோரும் கோல தெம்பெலிங் படகுத்துறையில் வண்டியை விட்டுவிட்டு, நீளப் படகில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஆற்றிலேயே போய்ச் சேருவார்கள். எப்படியும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. கோல தஹான் வரை சாலை வந்தபின் அது விருப்பத் தேர்வாகிவிட்டது. பெரியவர்களின் முதுகை நினைத்தால் சாலையே நல்லது. அதற்கு ஈடாக, தங்கியிருக்கும் நாள்களில் குறுகிய படகுப் பயணங்களை வைத்துக்கொள்ளலாம்.

எங்கே தங்குவது என்பதில் அம்மாவின் முழங்காலையே அளவுகோலாக வையுங்கள். கிராமம் தெம்பெலிங்கின் ஒரு கரையில். பூங்கா அலுவலகமும் பெரிய விடுதியும் எதிர்க்கரையில். காரைக் கிராமத்துப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, சிறு கட்டணத்தில் சம்பான் என்ற சிறு படகில் கடப்பதுதான் வழக்கம். இரண்டு நிமிடப் பயணம்தான். ஆனால் கரை உயரமானது. ஆற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது மிதவை உணவகங்களுக்கும் படகுக்கும் இறங்கும் சரிவு நீண்டுவிடும். எதிர்க்கரையிலும் படி ஏறவேண்டும். கிராமத்தில் தங்கினால் செலவு குறைவு, ஆனால் ஒவ்வொரு முறை காட்டுக்குப் போகும்போதும் இந்த ஏற்ற இறக்கத்தை அம்மா செய்யவேண்டும். பூங்காப் பக்கத்து விடுதியில் தங்கினால் செலவு கூடும், ஆனால் அறையை விட்டு வெளியே வந்ததும் காடு. முழங்கால் வலி உள்ளவரோடு போகும் உங்களுக்கு, இரண்டாவதற்கே கூடுதல் பணத்தைச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. வேறெதிலாவது சிக்கனம் பிடியுங்கள். தரைத்தள அறை வேண்டும் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

உணவு விஷயத்தில் வீட்டில் யாரேனும் சைவமாக இருந்தால் முன்னேற்பாடு தேவை. மிதவை உணவகங்களில் மலாய்ச் சமையல்தான்; "சாயூர்" என்று கேட்டு வாங்கும் கீரையிலும் பெலாச்சான் என்ற இறால் விழுதோ நெத்திலியோ கலந்திருக்கும். சமைக்கும் முன்பே இவை வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னால் செய்து தருவார்கள். மெந்தகாப்பிலும் தெமர்லோவிலும் நம்மவர் கடைகள் இருக்கின்றன. முதல் நாள் மதியத்துக்கும் இரவுக்கும் வீட்டிலிருந்தே புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவது இன்னும் நிம்மதி. அசைவம் சாப்பிடுகிறவர்கள் தெமர்லோவின் பாத்தின் மீன் குழம்பைச் சாப்பிடாமல் வரக்கூடாது. எஞ்சிய உணவைக் காரிலோ அறையின் திறந்த சன்னலோரத்திலோ வைக்கவேண்டாம். குரங்குகள் அங்கே கூட்டமாகத் திரிகின்றன. பிள்ளைகள் அவற்றுக்குத் தின்பண்டம் கொடுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள்களைப் பிரிக்கும்போது, காலைப் பொழுதை நடப்பவர்களுக்கும் பிற்பகலை எல்லோருக்குமாகவும் வையுங்கள். போய்ச் சேரும் முதல் நாளில் அலுவலகத்தில் பதிந்து அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு, மாலையில் பலகைப் பாதையில் லூபோக் சிம்போன் வரை மெதுவாக நடந்தால் போதும். ஆற்றில் கால் நனைக்க அங்கே இடம் உண்டு. இரவில் வழிகாட்டியோடு போகும் நடையைத் தவறவிடாதீர்கள். டார்ச் வெளிச்சத்தில் குச்சிப்பூச்சியும் தேளும் உறங்கும் பறவையும் இலைக்கடியில் பாம்பும் தெரியும்போது, பகலில் வெறும் பச்சையாகத் தெரிந்த காடு முழுவதும் உயிர் நிறைந்திருப்பது பிள்ளைகளுக்குப் புரியும். அலுவலகத்துக்கு அருகிலேயே பும்புன் தஹான் என்ற மறைவிடம் இருக்கிறது. உப்புமண் தின்ன மானும் தாப்பிரும் வரும் திறந்தவெளியை நோக்கி உட்கார்ந்திருக்கலாம். அம்மாவாலும் போகமுடிந்த தொலைவுதான் அது.

மறுநாள் காலை இளையவர்கள் புக்கிட் தெரெசெக் குன்றில் ஏறலாம். உச்சியிலிருந்து தெளிந்த நாளில் தூரத்து மலைத்தொடர் தெரியும். குனோங் தஹான் இருக்கும் திசையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மரமுகடுகளுக்கிடையே கட்டிய கயிற்றுப் பாலம் இந்தப் பூங்காவின் பேர்பெற்ற இடம். தரையிலிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தில் மரத்துக்கு மரம் தொங்குகிறது. ஆனால் பராமரிப்புக்காக அதை மூடுவதும், ஒரு பகுதியை மட்டும் திறந்து வைப்பதும் உண்டு. அது திறந்திருக்கிறதா என்று விசாரித்த பிறகு பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பிற்பகலில் தஹான் ஆற்றிலுள்ள லாத்தா பெர்கோ அருவிக்குப் படகில் போங்கள். உங்கள் நான்கு நாளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் என்றால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். தஹான் ஆறு தெம்பெலிங்கைப் போல அகலமானதன்று. தேநீர் நிறத்தில் தெளிந்து ஓடும் சிற்றாறு. இரு கரையிலிருந்தும் நெராம் மரங்கள் தண்ணீரின் மேல் சாய்ந்து கிளைகளைக் கோத்துக்கொண்டு நிற்கின்றன. அடிமரத்தில் பாசியும் பெரணியும் ஆர்க்கிட் செடிகளும் அடர்ந்திருக்கின்றன. கழியூன்றிப் பாறைகளுக்கிடையே படகைச் செலுத்தும் படகோட்டியின் கைத்திறனைப் பார்ப்பதற்கே போகலாம். வழியில் லூபோக் தெனோரில் கெலா மீன்களுக்கான காப்பிடம் இருக்கிறது. மலேசிய ஆறுகளில் மிக மதிப்புள்ள மீன்களில் ஒன்று அது; பிடித்தே பல ஆறுகளில் அருகிவிட்டது. அங்கே அவை பெரிது பெரிதாகக் காலைச் சுற்றி நீந்தும். படகின் இருக்கை தரையோடு தாழ்ந்திருக்கும் என்பதால், அம்மாவுக்கு ஒரு கனமான மெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற இறங்கக் கைகொடுக்கும்படி படகோட்டியிடம் முன்பே சொல்லிவையுங்கள். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைகள் படகில் உட்காரும் முன்பே அணிந்திருக்கவேண்டும்.

மூன்றாம் நாளைப் பெரும்பாலோர் பாத்தேக் பழங்குடியினரின் குடியிருப்பைப் பார்ப்பதற்கும், தெம்பெலிங்கில் நீர் பாய்ந்தோடும் இடங்களில் படகில் போவதற்கும் செலவிடுகிறார்கள். பாத்தேக் மக்கள் இந்தக் காடு பூங்காவாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இங்கே வாழ்ந்து வருகிறவர்கள். தேடியும் வேட்டையாடியும் உண்ணும் வாழ்க்கை அவர்களுடையது. அம்பை ஊதி வேட்டையாடும் குழலையும் தீ மூட்டும் முறையையும் காட்டுவார்கள். போவதானால் அவர்களுடைய வீட்டுக்குப் போகிறோம் என்ற நினைவோடு போகவேண்டும். கேட்காமல் படம் எடுப்பதும், குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுவதும் கூடவே கூடாது. கட்டணத்தில் எவ்வளவு அந்த மக்களுக்குப் போகிறது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். தெளிவான விடை சொல்லும் வழிகாட்டியோடு போங்கள். குவா தெலிங்கா என்ற வௌவால் குகைக்குள் தவழ்ந்து போகவேண்டிய இடங்கள் இருப்பதால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் நீங்களும் மட்டும் போகலாம்.

புலியைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். நாடு முழுவதும் 2016 முதல் 2020 வரை நடத்திய கணக்கெடுப்பின்படி, காட்டில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. அவை இந்தக் காட்டில் வாழ்கின்றன என்பதே பெரிய செய்தி. கண்ணில் படும் என்று எதிர்பார்க்கக்கூடாது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் காரில் உட்கார்ந்தபடி விலங்குகளைப் பார்ப்பதைத் தொலைக்காட்சியில் கண்ட பிள்ளைகளுக்கு, இங்கே அப்படி இராது என்பதை வீட்டிலேயே விளக்கிவிடுங்கள். அடர்ந்த காட்டில் இருபதடி தூரத்தில் நிற்கும் யானையே தெரியாது. இங்கே காது முந்திக்கொள்ளும்: இருவாச்சியின் சிறகோசை, விடியலில் உங்கா குரங்குகளின் நீண்ட கூவல், மாலையில் சில்வண்டுகள். அவற்றுக்குப் பழக்கிவிட்டால் பிள்ளைகள் ஏமாற்றம் அடையமாட்டார்கள்.

யானைக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. திரும்பும் நாளில் காலை ஒன்பது மணிக்குக் கோல தஹானை விட்டுக் கிளம்பினால், மதியத்தை ஒட்டி லஞ்சாங்குக்கு உள்ளே இருக்கும் கோல கண்டா யானைகள் காப்பகத்தை அடைந்துவிடலாம். வனவிலங்குத் துறை 1989இல் நிறுவிய இடம் அது. தோட்டங்களில் புகுந்துவிடும் காட்டு யானைகளைப் பிடித்துத் தாமான் நெகாரா போன்ற பெரிய காடுகளில் கொண்டுபோய் விடும் குழுவுக்கு அதுவே தளம். அனாதையான குட்டிகளையும் அங்கே வளர்க்கிறார்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகலைத் தவிருங்கள். அப்பா, அம்மாவுக்குக் கோயிலுக்கும் போகவேண்டும் என்ற ஆசை இருந்தால், இதற்குப் பதிலாக ஜெராண்டுட்டிலிருந்து கிழக்கே மாரான் போய், ஸ்ரீ மரத்தாண்டவர் ஆலயத்தில் வழிபட்டுவிட்டு, நெடுஞ்சாலை வழியாகத் திரும்பலாம். பங்குனி உத்திரத்தையொட்டிய நாள்களில் மட்டும் அந்த வழியே வேண்டாம். நாடெங்கிலுமிருந்து வரும் கூட்டத்தில் கார் நகராது. யானை, ஆலயம் இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் பெரியவர்கள் சோர்ந்துபோவார்கள். காராக் இறக்கத்தை இருட்டில் கடக்கவேண்டியும் வரும்.

எடுத்துச் செல்லவேண்டியவற்றில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சீக்கிரம் உலரும் முழுக்கால் சட்டை, பிடிப்புள்ள பழைய காலணி, ஆளுக்கொரு டார்ச், மழை அங்கி, கொசு மருந்து. அட்டைக்குப் பயப்படவேண்டாம், காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு, கடித்துவிட்டால் நகத்தால் மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, சோப்பால் கழுவினால் போதும். இரத்தம் சற்று நேரம் கசியும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆற்று நீரைக் குடிக்கவேண்டாம். எலிச்சிறுநீரால் பரவும் காய்ச்சலுக்கு நம் நாட்டு ஆறுகள் பேர்போனவை. காலில் காயம் இருந்தால் நன்றாக மூடிக்கட்டிய பிறகே ஆற்றில் இறங்கவேண்டும். வந்த பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்குள் யாருக்காவது கடும் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் மலேரியாவும் மலேசியக் காட்டோரங்களில் உண்டு. சொன்னால்தான் அதற்கான இரத்தப் பரிசோதனையைச் செய்வார்கள்.

இப்போது செய்யவேண்டியது இரண்டே வேலை. பள்ளி நாட்காட்டியை எடுத்து ஆண்டின் நடுவே வரும் விடுமுறையைக் குறித்துக்கொண்டு, அந்த வாரத்துக்குப் பூங்காப் பக்கத்தில் தரைத்தள அறை கிடைக்குமா என்று விசாரியுங்கள். பொது விடுமுறைகளையொட்டி அந்த அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அறை உறுதியான பிறகு, லாத்தா பெர்கோ படகையும் இரவு நடைக்கான வழிகாட்டியையும் அந்த விடுதி வழியாகவே பேசி வைத்துக்கொள்ளலாம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஆற்றின் நிலையையும் கயிற்றுப் பாலம் திறந்திருக்கிறதா என்பதையும் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் ஏதேனும் ஐயம் வந்தால் எழுதுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.